அடுத்த முறை ஆன் ஆகும்போது

காலை ஏழேகால். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அக்காவின் கணினியைத் தவிர வேறெதுவும் ஆன் ஆகாத நேரம். ஆனால் அதன் திரையில் இருந்த கணினிப் பட்டியலில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

கம்ப்யூட்டர் அக்கா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டர் அக்காதான். அவளைவிட இருபது வயது மூத்த வாட்ச்மேனுக்கும்கூட. பச்சைப் புள்ளி என்றால் அந்தக் கணினியில் புது மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யாராவது கணினியை ஆன் செய்கிற அந்த அரை நிமிடத்தில், பாஸ்வேர்டு போடுவதற்கு முன்பே, அது தானாக ஏறிவிடும்படி நேற்று சாயங்காலம் அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் பட்டன் கிடையாது. பாதியில் நின்றுபோனால் கணினி தானே ரீஸ்டார்ட் ஆகி, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கேமராவில் ஒரு படம் பிடித்து அவளுக்கு அனுப்பும். யார் எத்தனை மணிக்கு வந்து உட்காருகிறார்கள் என்று மேனேஜருக்குத் தெரிய வேண்டுமாம். "ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது," என்று வேறு சொல்லியிருந்தார்.

அவள் எழுந்து நின்று பார்த்தாள். நாற்பத்து மூன்று மேசைகள், நாற்பத்து மூன்று கறுப்புத் திரைகள். ஏசி போடாத கூடத்தில் முந்தின நாள் வியர்வையும் பழைய கம்பளமும் சேர்ந்து புழுங்கிய வாடை தொண்டைவரை வந்து நின்றது. எங்கேயோ தண்ணீர்க் குழாய் ஒன்று, யாரோ பல்லைக் கடிப்பதுபோல, விட்டு விட்டு நறநறத்தது.

"என்ன கம்ப்யூட்டர் அக்கா, பொண்ணுக்குக் காய்ச்சல்னீங்க, எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கீங்க?" வாசலிலிருந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"ஒன்பது மணிக்கு எல்லாரும் ஆன் பண்றப்ப ஏதாவது சொதப்புச்சுன்னா மேனேஜர் என்னை உரிச்சுத் தொங்கவிட்டுருவாருண்ணே."

"பாப்பாகூட யாரு இருக்கா?"

"மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிருக்கேன். வெளிய பூட்டிட்டு வந்துட்டேன். பக்கத்து வீட்டு அக்காகிட்ட இன்னொரு சாவி இருக்கு, எட்டரைக்கு வந்துருவாங்க."

"ஒன்பது வயசுப் புள்ளையப் பூட்டிட்டா? நல்ல அம்மா போங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுருக்கென்று தைத்தது.

அவர் போனதும் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசி வரி. நாற்பத்து நான்கு.

அது அவள் வீட்டுக் கணினி. அலுவலகத்தில் கழித்துக்கட்டியதை மகளின் பாடத்துக்கு ஆகும் என்று கேட்டு வாங்கிப் போயிருந்தாள். பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுக்கவில்லை. ஆபீஸ் இணைப்பில் இருந்தால் வைரஸ் தடுப்பு ஓசியில் கிடைக்குமே. நேற்று 'எல்லாக் கணினிகளுக்கும்' என்று ஒரே தட்டாகத் தட்டும்போது அந்த ஞாபகமே இல்லை.

சரி. ஆனால் அதை ஆன் செய்தது யார்?

போன் போட்டாள். ஆறாவது மணியில் எடுத்தாள் மகள்.

"குட்டி, எந்திரிச்சு கம்ப்யூட்டர் போட்டியாடா?"

"இல்லம்மா. கண்ணே தொறக்க முடியல. அதுவா டிங்னு ஆச்சு. நீ வந்துட்டேன்னு நெனச்சேன்."

"போனை வைக்காத. காதுலயே வச்சுக்க."

படம் வந்தது. காலி நாற்காலி. அதற்குப் பின்னால் கட்டில், போர்வைக்குள் சின்னக் குவியலாக மகள். வேறு யாரும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டவள், படத்தின் கீழ் விளிம்பில் வரிசையாக ஐந்து கரும்புள்ளிகளைப் பார்த்தாள். லென்ஸில் அழுக்கு, வேறென்ன.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாற்பத்து நான்கைப் பட்டியலிலிருந்து நீக்கினாள். திரையில் செய்தி வந்தது: மாற்றம், அடுத்த முறை கணினி ஆன் ஆகும்போது நடைமுறைக்கு வரும்.

இங்கிருந்தே ரீஸ்டார்ட் கொடுத்தாள்.

போனுக்குள் டிங் என்று கேட்டது.

இரண்டாவது படம். புள்ளிகள் இப்போது புள்ளிகளாக இல்லை. விரல்கள். கேமராவுக்குக் கீழே, திரை இருக்கிற இடத்திலிருந்து நீண்டு, மணிக்கட்டுவரை வெளியே வந்து, மேசைமேல் கவிழ்ந்து கிடந்த ஒரு கை. நகங்கள் ஊறிப்போன வெள்ளை.

நிறுவல்: நாற்பது சதவீதம். தொடர்கிறது.

நீக்கு என்பதை அழுத்தினாள். அடுத்த முறை ஆன் ஆகும்போது. மறுபடி அழுத்தினாள். அடுத்த முறை ஆன் ஆகும்போது. அவள் தொடாமலே பச்சைப் புள்ளி அணைந்து, எரிந்தது.

டிங்.

முழங்கை. நாற்காலியின் முதுகைத் தாண்டி மடங்கிய முழங்கை. அதற்கப்புறம் இன்னொரு முழங்கை.

"குட்டி. எந்திரி. பாத்ரூம்ல போய்த் தாழ் போட்டுக்க."

"முடியலம்மா."

"எந்திரிடா, அம்மா சொல்றேன்ல!"

"எப்படி எந்திரிக்கிறது? நீதான் தலையில கை வச்சு அழுத்திட்டே இருக்கியே." தூக்கக் கலக்கத்தில் குழைந்தது குரல். "நல்லா ஜில்லுனு இருக்கும்மா. எடுக்காத."

அவள் வாய் திறந்தது. அது நான் இல்லை என்று சொன்னால் பிள்ளை கண்ணைத் திறந்துவிடும். சொல்லாவிட்டால்? பைக்குள் கை துழாவியது. சாவி. வீட்டுக்கு நாற்பது நிமிடம். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட வேண்டுமானால் இந்த அழைப்பைத் துண்டிக்க வேண்டும்.

"என்னம்மா ஆச்சு?" வாசலில் வாட்ச்மேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டிங்.

படத்தில் பாதியை ஒரு தலையின் பின்பக்கம் அடைத்திருந்தது. ஈர முடி. கட்டிலைப் பார்த்துக் குனிந்த தலை.

"அம்மா." மகளின் குரலில் தூக்கம் போய்விட்டிருந்தது. "இன்னொரு கை எதுக்கும்மா கழுத்துல?"

"கண்ணைத் தொறக்காத."

"நீ எங்கேருந்து பேசற?"

"தொறக்காதடா தங்கம். தொறக்காத."

மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. அழைப்பு மட்டும் துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. விநாடி விநாடியாக.

டிங்.

நிறுவல்: நூறு சதவீதம். வெற்றி.

கடைசிப் படம். முடி. முழுக்க முடி. இடது ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். அந்தக் கீற்றுக்குள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சின்னப் பாதம். விறைத்து விரிந்த ஐந்து விரல்கள். மெத்தையிலிருந்து ஒரு சாண் மேலே.