கல்யாணப் படத்துக்காக ஒரு விரற்கடை

நிலவின் தெற்குக் குடியிருப்பில் பிறந்தநாள் என்றால் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளப்பார்கள். போன வருடக் கோட்டிலேயே தலை நின்றால் கேக் வெட்டுவார்கள். ஒரு நூல் ஏறியிருந்தாலும் அன்றைக்கு அது துக்க வீடு.

காரணம் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு குறைவு. எலும்பு நாற்பது வயதிலும் அடங்காமல் நீளும். பாறையைக் குடைந்து செய்த வீடுகளின் கூரையோ நாலரை அடி. அதனால்தான் அருமைநாயகம் முப்பது வருடம் பாடுபட்டு வளர்தடை ஊசியைக் கண்டுபிடித்தார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, வளர்ச்சிச் சுரப்பு போய் உட்காரவேண்டிய இடத்தில் மருந்து முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். சுரப்பு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும்.

அவர் மகள் எஸ்தரைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தேவசகாயம். இருவருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. அவன் அம்மா ஞானசவுந்தரி இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, பொண்ணு ஒரு விரற்கடை கூட இருக்காளே!”

“நாலே கால் அடிதானே, மதினி?”

“எத்தனை அடியும் இருக்கட்டும். மாப்பிள்ளையை விட உசரமா இருக்கலாமா? கொஞ்சம் குறைச்சுக் குடுங்க.”

“வளர்றதை நிறுத்தத்தான் மருந்து. வளந்ததை உள்ளே தள்ள முடியாது.”

“அப்ப எம் பிள்ளைக்கு ஊசியை நிறுத்துங்க. இல்லேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்.”

“எனக்கு இப்படியே சரிதாம்மா,” என்றான் தேவசகாயம்.

“நீ சும்மா கிட. கல்யாணப் படத்தைப் பாக்கிறவன் சிரிப்பான்.”

அருமைநாயகத்துக்குத் தலை சுற்றியது. வளராமலிருக்க மருந்து செய்தவரிடமே வந்து வளர்த்துத் தரக் கேட்கிறார்கள். எஸ்தரின் முகத்தைப் பார்த்தார். ஊசியை நிறுத்தினார்.

அத்தனை வருடம் அடங்கிக் கிடந்த எலும்பு ஒரு விரற்கடையோடு நிற்குமா? நாலே மாதத்தில் மாப்பிள்ளை கூரையை முட்டினான். கல்யாணத்தன்று முதுகை வளைத்துக்கொண்டு வந்தவன், நிமிர்ந்து நின்ற எஸ்தருக்குத் தோளுயரம்தான் இருந்தான்.

“இப்ப யாருப்பா உயரம்?” என்றாள் எஸ்தர்.

“நிக்கும்போதா, நீட்டி அளக்கும்போதா?” என்று கேட்டுவிட்டு அருமைநாயகமே குழம்பிப்போனார்.

ஞானசவுந்தரி குழம்பவில்லை. இருவரையும் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். கேமராவைக் கூரையில் ஒட்டிப் படம் எடுத்தார்கள். பிறகு அதை நிமிர்த்திச் சுவரில் மாட்டினார்கள். படத்தில் மாப்பிள்ளைதான் உயரம்.

இப்போது தெற்குக் குடியிருப்பில் எந்த ஆணும் ஊசி போட்டுக்கொள்வதில்லை. மனைவிமார் நிமிர்ந்து முன்னால் நடக்கிறார்கள். கணவன்மார் பின்னால் தரையைப் பார்த்தபடி குனிந்து வருகிறார்கள், ரொம்பப் பெருமையாக.