பட்டறையில் விக்காத வண்டி

கண்ணாடிக் கடைக்காரர் நான்காவது தடவையாகப் பட்டறைக்கு வந்தபோது மெக்கானிக்கம்மாவின் கணவருக்கு மட்டும்தான் சந்தோஷம். உதிரிபாகக் கவுன்ட்டர் அவருடையது. போன மூன்று தடவையும் ப்ளக், காயில், ஃபில்டர் என்று தடவைக்கொன்றாகத் துப்புத் துலக்கிப் புதுச் சாமான் தலையில் கட்டியவர் அவர்தான். வண்டி எதற்கும் மசியவில்லை.

"அதே மிஸ்ஸிங்தான்!" கடைக்காரர் கதவை ஓங்கிச் சாத்தினார். "ஓடிட்டே இருக்கும்போது இன்ஜின் விக்குது. பாடிட்டிருக்கிற ரேடியோவும் கூடவே விக்குது. நேத்து ஒரு பள்ளத்துல உதறின உதறுல பெரிய கண்ணாடி ரெண்டு தூள். இங்க கொண்டு வந்தா மட்டும் பச்சப்புள்ள மாதிரி ஓடுது. நான் என்ன பைத்தியக்காரனா?"

ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப் அது. பின்தட்டில் ஒரு துணிப்பை கிடந்தது. பைக்குச் சொந்தக்காரன், கடைக்காரரின் மனைவியுடைய தம்பி, டிரைவர் பக்கமாக இறங்கி யாரையும் பார்க்காமல் நின்றான்.

"எல்லாம் இவன் வேலை. நான் கூட இருந்தா விக்குது. இவன் தனியா எடுத்துட்டுப் போனா விக்கலையாம்! பெட்ரோல்ல எதையோ கலக்குறான்னு டேங்குக்குப் பூட்டுப் போட்டேன். இன்னும் மோசமாச்சு. டூல் பாக்ஸ், ஸ்டெப்னி, குடோன், எல்லாத்துக்கும் பூட்டுப் போட்டாச்சு. இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும். இல்லன்னா சாயங்காலம் இவன் ஊருக்குக் கிளம்பிடணும்."

"நான் எதுக்கு மாமா கலக்கணும்? எனக்கும் இந்த வண்டிதானே சோறு போடுது?" என்றான் மச்சான். 

கடைக்காரர் வண்டிச் சாவியை மட்டும் கொத்திலிருந்து கழற்ற ஆரம்பித்தார். அது லேசில் வருவதாக இல்லை. நகம் ஒடிந்தது. வளையத்தைத் திட்டினார், வளையம் செய்தவனைத் திட்டினார். ஒருவழியாகச் சாவியை நீட்டிவிட்டு மீதிக் கொத்தைப் பையில் போட்டதும் சட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"இன்ஜெக்டர்தாம்மா! சந்தேகமே இல்ல. நாலையும் மாத்திடலாம்." கணவர் அதற்குள் பெட்டியைப் பிரித்துவிட்டார்.

"என்னங்க, பெட்டிய மூடுங்க." மெக்கானிக்கம்மா கடைக்காரரிடம் திரும்பினார். "ரேடியோவும் இன்ஜினும் ஒரே நேரத்துலயா விக்குது?"

"ஒரே நேரத்துலதான்."

"தம்பி, தனியா போகும்போது உனக்குச் சாவி எப்படிக் குடுப்பார்?"

"இப்ப உங்களுக்குக் குடுத்தாரே, அப்படித்தான்."

மெக்கானிக்கம்மா தலையாட்டிவிட்டு மூவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டினார். கணவருக்குப் பின்தட்டுதான் கிடைத்தது. தெருவிலிருந்த வேகத்தடைகள் எல்லாவற்றிலும் வண்டி ஏறி இறங்கியது. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா, நடிக்குது!" என்று கடைக்காரர் பல்லைக் கடித்தார்.

"இப்ப அந்தக் கொத்தைக் குடுங்க."

"அதுல வீட்டுச் சாவியெல்லாம் இருக்கே."

"வீட்டுக்குள்ள போகலைங்க. இதே தெருவுலதான் திரும்பப் போறேன்."

அரை மனதாகக் கொடுத்தார். மெக்கானிக்கம்மா வண்டிச் சாவியைக் கொத்தில் மாட்டி, கொத்தோடு போட்டுத் திருகி, அதே தெருவில் திரும்பினார். முதல் வேகத்தடையிலேயே இன்ஜின் விக்கியது, ரேடியோ விக்கியது, பின்னாலிருந்து கணவர் "ஐயோ!" என்று அலறினார்.

பட்டறைக்கு வந்ததும் மெக்கானிக்கம்மா இன்ஜினை நிறுத்தவில்லை. சாவியைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்படி வரவே கூடாது. ஓடின ஓட்டத்துல சாவித் துவாரம் தேஞ்சு லொடலொடன்னு ஆயிடுச்சு. ப்ளக் கெட்டா இன்ஜின் மட்டும்தான் விக்கும், ரேடியோவுக்கு என்ன வந்தது? ரெண்டும் சேர்ந்து விக்கினா, ரெண்டுக்கும் கரண்ட் வர்ற சுவிட்ச்லதான் கோளாறு. கொத்து ஆடும்போதெல்லாம் சாவி அசைஞ்சு கரண்ட் கட் ஆகிக் கட் ஆகி வருது. நீங்க வண்டியில இருந்தா கொத்து அதுல தொங்குது. எங்கிட்டயும் தம்பிகிட்டயும் தனிச் சாவியக் கழட்டிக் குடுக்கறீங்க. நீங்க நம்பாதவங்க கையில வண்டி நல்லா ஓடுது."

"அப்ப டேங்குக்குப் பூட்டுப் போட்டதும் ஏன் மோசமாச்சு?" கடைக்காரர் விடவில்லை.

தலையைத் தடவிக்கொண்டிருந்த கணவர் துள்ளினார். "கொத்துல ஒரு சாவி கூடிப்போச்சே! நீங்க இவனைச் சந்தேகப்பட்டுப் பூட்டுப் பூட்டா வாங்கினீங்க, கனம் ஏறிட்டே போச்சு!" வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாகக் கண்டுபிடித்த பூரிப்பில் புது சுவிட்ச் எடுக்க உள்ளே ஓடினார்.

கடைக்காரர் கொத்தைக் கையில் வாங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. டேங்க் சாவியைக் கழற்றப் பார்த்தார், விரல்தான் வழுக்கியது. மச்சான் கொத்தை வாங்கி ஒரே நெம்பில் அதைக் கழற்றி, டேங்குப் பூட்டையும் திறந்தெடுத்து, இரண்டையும் இரும்புக் கழிவுத் தொட்டியில் போட்டான். பிறகு பின்தட்டிலிருந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எங்கடா?"

"சாயங்காலம் கிளம்பணும்னீங்களே."

"தப்புதான்டா."

"யாருது மாமா?"

கடைக்காரர் வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டார். "என்னுதுதான். போதுமா? பையை உங்கக்காகிட்ட குடுத்துட்டுப் போய்க் குடோனைத் திற."

"சாவி?"

"கொத்து உன் கையிலதானே இருக்கு" என்றார் அவர். "அது உங்கிட்டயே இருக்கட்டும்."