கணவாயில் நின்றுபோகும் வண்டி

துல்மாவின் வீட்டு வாசலில் அந்த வண்டி பனித்தூள் மூடி நின்றது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜப்பான் வண்டி. டெம்பெரல் அதன் அடியில் மல்லாந்து படுத்துத் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான். ஆயில் கம்பியை உருவி முகர்ந்தான். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது பாதி மந்தையை விற்று வாங்குகிற வண்டி.

அவனுக்கு உள்ளூரப் பயம். போன குளிர்காலத்தில் மனைவி யாஞ்மாவுக்கு வலி கண்டபோது, அவனுடைய ஓட்டை ஜீப் கணவாய் ஏறாமல் படுத்துவிட்டது. குழந்தை இறந்தே பிறந்தது. இப்போது அவள் மறுபடி மாசமாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியோ கணவாய்க்கு அந்தப் பக்கம்.

"அக்கா, வண்டி நடுவழியில காலை வாரிடாதுல்ல?"

"இஞ்சின்ல ஒரு குறையும் இல்ல தம்பி." துல்மா வண்டியைப் பார்க்காமலே பேசினாள்.

குதிரையை விற்கிறவர்கள் தலைக்கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்வது வழக்கம். இல்லாவிட்டால் வீட்டின் பாக்கியமெல்லாம் குதிரையோடு போய்விடும். வண்டி என்றால் கண்ணாடியில் கட்டிய நீலப் பட்டுத் துணியை அவிழ்த்துக்கொள்வார்கள். துல்மா அவிழ்க்கவில்லை.

"பட்டு அப்படியே இருக்கே, எடுத்துக்கலையா?"

"இருக்கட்டும். எல்லாத்தையும் நீயே கொண்டுபோ."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்று டெம்பெரலுக்கு ஏக சந்தோஷம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேராசை யாரை விட்டது?

முதல் முறை ஓட்டிப்போனபோதே, கணவாய் உச்சியில், வழிப்போக்கர்கள் கல் வைத்துக் கும்பிடும் கற்குவியலைத் தாண்டியதும், இஞ்சின் தானாக அணைந்தது. பேட்டரி நன்றாக இருந்தது. டீசல் உறையவில்லை. காற்று மட்டும் ஊளையிட்டது. காலியான பின் சீட்டிலிருந்து ஈரக் கம்பளி வாடை மெல்ல மெல்ல வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பின் ஜன்னலில், கீழ் ஓரமாக, வட்டமாய் ஆவி படிந்திருந்தது.

உள்ளே யாரோ மூச்சு விட்டிருந்தார்கள்.

நெடுநேரம் கழித்துத்தான் வண்டி கிளம்பியது. அடுத்த முறையும் அதே இடத்தில் நின்றது. மெக்கானிக் சுலூன் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மச்சான், வண்டிக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் நட்டு கழண்டிருக்கு."

அதற்கடுத்த முறை, நின்ற வண்டிக்குள் ஒரு குரல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் பேசுகிற சின்னக் குரல்.

"அப்பா வந்தாச்சா?"

டெம்பெரல் நேராகத் துல்மாவிடம் போய்க் கணவாயில் கேட்ட குரலைச் சொன்னான். அவள் உப்புத் தேநீரை ஊற்றினாள்.

"எம் புருஷனும் மகன் மங்லாயும் அங்கதான் புயல்ல மாட்டிக்கிட்டாங்க. சக்கரம் பனியில புதைஞ்சிருச்சு. 'நான் வர்ற வரைக்கும் வண்டியை விட்டு நகராதே'ன்னு மங்லாய்கிட்ட சொல்லிட்டு, அவரு ஆள் கூப்பிடப் போனாரு." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவரு வழியிலயே விறைச்சுப்போனாரு. இவன் உள்ள உக்காந்தபடியே போயிட்டான். சொன்ன பேச்சைத் தட்டாத புள்ள தம்பி."

"தெரிஞ்சேதான் பட்டுத் துணியை வண்டியிலயே விட்டீங்களா?"

"வச்சிருந்தா அவன் எங்கிட்டயே இருந்திருப்பான். வாசல்ல நின்ன வண்டிக்குள்ள இருந்து தினமும் அப்பாவைக் கேட்டான். நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

டெம்பெரலுக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவன் அவனும்தானே. வேறு வண்டி பார்க்கலாம் என்று வீடு திரும்பினான். பார்க்க நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே, நாள் நெருங்கும் முன்னே, யாஞ்மாவுக்கு வலி கண்டது.

அந்த வண்டியிலேயே கிளம்பினார்கள். நடுப்பகல். வானமும் நிலமும் ஒரே வெள்ளை. கற்குவியலைத் தாண்டியதும் இஞ்சின் அணைந்தது.

"ஏங்க... மறுபடியுமா?"

அவன் சாவியைத் திருகினான். திருகிக்கொண்டே இருந்தான். ஆள் கூப்பிட்டு வருகிறேன் என்று கதவைத் திறந்தபோது, யாஞ்மா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"போகாதீங்க. போனவங்க திரும்பி வரமாட்டாங்க."

ஈரக் கம்பளி வாடை.

"அப்பா வந்தாச்சா?"

யாஞ்மாவுக்கும் அது கேட்டது. அவள் முகம் வெளுத்தது.

டெம்பெரல் அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து பின்கதவைத் தட்டினான். செத்த பிள்ளையிடம் பொய் சொல்வதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். வயிற்றில் இருக்கிற பிள்ளையை நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

"அப்பா வந்துட்டேன்டா கண்ணா. ரொம்ப நேரமாக்கிட்டேன், இல்ல? வா, போலாம்."

காற்று நின்றது.

காலியான சீட்டு, எடை இறங்கினாற்போல, மெல்ல மேலெழும்பியது.

இஞ்சின் தானாக உறுமியது.

பெண் குழந்தை. பிறந்ததும் ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதது. டெம்பெரல் சுவரில் சாய்ந்து தானும் அழுதான். அதன்பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

பனி உருகியபின் துல்மா குழந்தையைப் பார்க்க வந்தாள். நெற்றியை முகர்ந்து ஆசீர்வதித்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தம்பி, கொஞ்ச நேரம் வண்டியில உக்காந்துக்கட்டுமா? அவனைத் துரத்தி விட்டது என் நெஞ்சை அறுக்குது. திட்டினாலும் பரவாயில்ல, ஒரு தடவை அவன் குரலைக் கேட்டுட்டுப் போயிடறேன்."

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டைத் தடவிக் கொடுத்தாள்.

"மங்லாய்... அம்மா வந்திருக்கேன்டா."

சீட்டில் காதை வைத்துக் கேட்டாள்.

"கோவமா கண்ணு? அம்மாடா. ஒரு வார்த்தை பேசேன்."

திறந்த கதவருகே நின்ற டெம்பெரல், அப்பா என்று பொய் சொல்லி அவனை இறக்கியதைச் சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், குரல் உடைந்து அழுகையாகும் வரை.

அவனுடைய வலது கைக்குள், சில்லென்று, ஒரு சின்னக் கை நுழைந்து இறுகப் பிடித்துக்கொண்டது.

"அப்பா," என்று கிசுகிசுத்தது, "அவங்க யாரு?"