நாலாவது மீட்டர்

கண்ணுங்களா, எல்லாரும் சுகந்தானே? இந்த வெயிலில் மோர் கீர் குடித்துக்கொள்கிறீர்களா? இதைக் காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து படியுங்கள். கதவை மட்டும் சாத்திக்கொள்ள வேண்டாம்.

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. தாமல் போகிற வழியில் இருக்கும் அந்தச் சாயப்பட்டறைக்கும் அன்று லீவு. மெஷின்களுக்கு ஒயரிங் செய்கிற ஜீனத்துக்கு அதுதான் தோதான நாள். சாயம் ஏற்றிய பட்டு நூலைச் சிட்டம் சிட்டமாகத் தொங்கவிட்டு ஆவியில் காயவைக்கும் அறைக்குள் நின்று, சூடு பார்க்கும் மீட்டர் மூன்றை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. ஒற்றை பல்பு. ஈரப் பட்டும் சோப்பும் சேர்ந்து புழுங்கும் வாடை.

ஒரே ஜோடி ஒயர் மூன்று மீட்டரையும் தொட்டுக்கொண்டு வெளியே கண்ட்ரோல் பெட்டிக்குப் போகும். பெட்டி நம்பர் சொல்லிக் கூப்பிட்டால், அந்த நம்பருக்குரிய மீட்டர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் கதவு தானே பூட்டிக்கொள்ளும்; எல்லாப் பதிலும் ஒழுங்காக வந்து ஒரு நிமிஷம் ஆன பிறகுதான் பூட்டு விடும். சூடு தெரியாமல் யாரும் உள்ளே போய் வெந்துவிடக் கூடாதல்லவா? அந்த ஏற்பாட்டைச் செய்ததே அவள்தான். உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றிப் போட்டதும் அவள்தான்.

புது மீட்டர் எல்லாமே கம்பெனியிலிருந்து ஒன்றாம் நம்பரோடுதான் வரும். மூன்றாவதுக்கு நம்பரை மாற்ற மறந்து ஒயரைச் சொருகிவிட்டாள். இரண்டு மீட்டர்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, பெட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டக்.

"அண்ணே! கதவு பூட்டிக்கினுது!"

மேஸ்திரி சபாபதி வெளியே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். "நீ வெச்ச பூட்டு உன்னையே புடிச்சிக்கிச்சாமா?" கெட்டிக் கதவைத் தாண்டி வந்த சிரிப்பு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"சிரிக்காதீங்கண்ணே. நம்பர மாத்திக்கினு இருக்கேன். ஸ்க்ரீன்ல இன்னா வருதுன்னு மட்டும் படிங்க."

வியர்வை கண்ணில் இறங்க, மீட்டரின் பொத்தானை அழுத்தி மூன்றாம் நம்பர் கொடுத்தாள்.

"ஒண்ணு, முப்பத்திநாலு டிகிரி. ரெண்டு, அதே முப்பத்திநாலு. மூணும் வந்துட்ச்சிமா. நாலு..."

"நாலு கிடையாதுண்ணே."

"இருக்குதே. முப்பத்தேழு. மனுச ஒடம்பு சூடாட்டம் காட்டுது."

"மூணுதாண்ணே மாட்டியிருக்கேன்!"

"அப்ப நாலாவத யாருமா மாட்னது?"

அவள் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். மூன்றாவது மீட்டரோடு அது முடிய வேண்டும். முடியவில்லை. அடியிலிருந்து புறப்பட்டு, தரையைத் தொட்டுத் தொங்கும் சிவப்புச் சிட்டங்களுக்கு நடுவே போயிருந்தது. அவ்வளவு ஒயர் அவள் கொண்டுவரவே இல்லை. மெல்ல இழுத்தாள். கொஞ்சம் வந்தது.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள். மெல்ல.

டக். பூட்டு விட்டது.

கதவு அந்தக் கோடியில். அவளுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த சிட்டங்கள் ஒவ்வொன்றாக விலகின, ஆள் நடந்து போவதுபோல. கதவு திறந்தது. வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. மூடிக்கொண்டது. கையிலிருந்த ஒயர் தொளதொளத்தது.

டக்.

ஓடினாள். ஈரச் சிட்டங்கள் முகத்தில் அறைந்தன. கதவில் காதை வைத்தாள்.

"ஜீனத்தும்மா, வெளிய வந்துட்டியா?" சபாபதியின் குரல்.

"வந்துட்டேண்ணே."

அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"உள்ள யாரும் இல்லியே?"

"யாரும் இல்லண்ணே. ஆவிய ஒரு தபா விட்டுப் பாத்துடலாம்." அவளுடைய குரல். அவளுடைய தொண்டைக் கரகரப்பு.

"அண்ணே! நான் உள்ள இருக்கேன்! அண்ணே!"

ஆவியைப் பரப்பும் காற்றாடி கடகடவென்று சுற்றத் தொடங்கியது. அலறல் அந்தச் சத்தத்துக்குள் அமுங்கிப் போனது. குழாய் சீறியது. கால் சுட்டது.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. சபாபதி முதுகைக் காட்டிக் குனிந்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜீனத். இவள் போட்டிருந்த அதே பச்சைத் துப்பட்டா. நிதானமாக வந்தாள். துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். நன்றாகத் தெரிய வேண்டுமென்று மறுபடியும் துடைத்தாள். பிறகு நெற்றியைப் பதித்து உள்ளே பார்த்தாள்.

கண்ணுங்களா, வேலைக்குப் போய் வீடு திரும்பியவர் அவர்தானா என்று உங்களுக்கு எப்போதாவது சந்தேகம் வந்ததுண்டா? வந்திருந்தால், நடந்ததை நடந்தபடியே எனக்கு எழுதிப் போடுங்கள்.