பதினோரு மேற்கோள்கள்

காலையில் பல் துலக்கியதும் வரிசையில் நின்று, கட்டைவிரல் ரேகை வைத்து அன்றைய பங்குக் காற்றை வாங்கிக்கொள்வது நிலாக் குடியிருப்பின் ஏழாம் அடுக்கில் யாருக்கும் விசேஷமில்லை. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அடுக்குக்கு இவ்வளவு என்று காற்று வாரியம் ஒதுக்கும். இருப்பவர்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அது போதவில்லை.

சமூகவியல் ஆய்வாளர் அங்கயற்கண்ணி பதினான்கு மாதம் அதே வரிசையில் நின்றாள். பங்கு போதாமல் ஆட்கள் தூக்கத்திலேயே சாகிறார்கள் என்று தரவுகளோடு கட்டுரை எழுதினாள். தரவரிசை பெற்ற ஆய்விதழில் வெளிவந்தால்தான் வாரியம் எதையும் நம்பும். சாகிறவன் சொன்னால் புகார், அச்சில் வந்தால் சான்று.

ஆய்விதழின் ‘மதிப்பாய்வி’ இயந்திரம் நான்கு நொடியில் படித்துவிட்டு, “உண்மை. காற்றை இன்றே கூட்டுங்கள்” என்று எழுதியது. இதழாசிரியர் பொன்னம்பலவாணருக்கு வந்ததே கோபம். நூற்றில் மூன்றைத்தான் ஏற்பார்கள் என்பது அந்த இதழின் கௌரவம். குறை காணத் தெரியாத இயந்திரம் மானத்தை வாங்கிவிடும். பூமியின் பழைய பேராசிரியர்கள் எழுதிய மதிப்புரைகள் அத்தனையையும் அதற்குப் புகட்டினார். அதற்கே ஓராண்டு ஆயிற்று.

தேறிவந்த இயந்திரம் கோட்பாடு போதாது என்றது. திருத்தினாள். மாதிரி சிறியது என்றது. அடுக்கில் இருப்பதே அவ்வளவு பேர்தான் என்று பதில் எழுதினாள். இன்னும் ஓராண்டு போயிற்று. கடைசியில், தன்னுடைய பதினோரு கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னது.

“நீ ஒன்றுகூட எழுதியதில்லையே?”

“இல்லை. ஆனால் நான் படித்த மதிப்புரைகளில் இதைக் கேட்காதவர் அபூர்வம்.”

அவள் இல்லாத பதினோரு கட்டுரைகளுக்கும் தலைப்பு வைத்துச் சேர்த்தாள். அன்றே ஏற்றுக்கொண்டார்கள்.

அச்சான கட்டுரையைச் சுரங்கத் தொழிலாளி சுடலைமுத்துவிடம் காட்டினாள். அவர் மனைவி போன மாதம்தான் தூக்கத்தில் போயிருந்தாள். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

“நாங்க சொன்னதத்தான மேடம் எழுதிருக்கிய? வாரியத்துக்காரங்க அப்பமே எங்ககிட்ட வந்து கேட்டிருக்கலாம்லா?”

வாரியம் கட்டுரையை மனதாரப் பாராட்டியது. ஆனால் இப்போது அடுக்கில் இருப்பவர்கள் இருநூற்று அறுபது பேர்தான். கட்டுரை கேட்ட பங்கு தலைக்குத் தானாகவே வந்துவிட்டது. எனவே நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது.

அங்கயற்கண்ணி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், செத்துப்போன ஐம்பத்திரண்டு பேரைப் பற்றி அடுத்த கட்டுரையைத் தொடங்கினாள். முதல் பத்தியிலேயே தன் முந்தைய கட்டுரையை மூன்று இடத்தில் மேற்கோள் காட்டினாள்.