நான்காம் எண் கட்டுரையை எழுதியவர்

தெமியாங் வட்டாரத்தில், துப்பறிவாளர் குமுதவல்லியின் மாடி அலுவலகத்துக்குக் காலை எட்டரை மணிக்கு ஒரு பெண் மூச்சிரைக்க ஏறிவந்தார். குமுதவல்லி அப்போது ரொட்டி சானாயின் கடைசித் துண்டைப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாக அதைத் தின்று முடித்தார். அவசரப்பட்டு எந்த வழக்கையும் தொடங்குவதில்லை என்பது அவர் கொள்கை. சாப்பாட்டைப் பாதியில் விடுவதில்லை என்பது அதைவிடப் பழைய கொள்கை.

"நான் ரோகினி. போட்டிச் சட்ட ஆய்வாளர்களின் அனைத்துலகச் சங்கத்துல மலேசியக் கிளைச் செயலாளர்" என்றார் வந்தவர்.

"ஓட்டப் போட்டியா, கபடியா?" என்று ஆவலாகக் கேட்டார் சத்தியசீலன். வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர். நாற்பத்திரண்டு வயதில் துப்பறியும் ஆசை பிடித்து, காரோடு வந்து குமுதவல்லியிடம் ஒட்டிக்கொண்டவர்.

"இல்லண்ணே. வியாபாரிங்க கூடிப் பேசி விலைய ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல, அதை ஆராய்ச்சி பண்றவங்க சங்கம்."

"கூடிப் பேசக்கூடாதுன்னு சொல்றதுக்குக் கூடிப் பேசுறாங்க" என்றார் சத்தியசீலன். குமுதவல்லி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ரோகினி விஷயத்தைச் சொன்னார். மந்தின் ஊருக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில், பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். சங்கத்தின் ஆண்டு மாநாடு இன்று அங்கே தொடங்குகிறது. மதியம் இரண்டு மணிக்குக் கட்டுரைப் போட்டியின் பரிசளிப்பு. கட்டுரைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் முத்திரையிட்ட ஒரே ஓர் உறையில் இருந்தது. நேற்று மாலை மூன்று நடுவர்கள் கூடி நான்காம் எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று காலை ஏழு மணிக்குப் பார்த்தால் உறையைக் காணோம்.

"வேற காப்பி இல்லையா?"

"காப்பி இருந்தா யாராச்சும் பாத்துருவாங்கன்னு சங்கத்துல விதியே போட்டுருக்காங்கக்கா. யாரும் யாரையும் நம்பாத சங்கம்" என்றார் ரோகினி. பிறகு அவர் குரல் இறங்கியது. "பரிசு போனாக்கூடப் பரவால்ல. உறைய சாப்பாட்டு ரூம் அலமாரில வச்சு முனியாண்டி அண்ணன்தான் பூட்டினாரு. இருபத்திரெண்டு வருசமா அங்க சமைக்கிறாரு. சாவி அவருகிட்ட இருந்ததால, உறை கிடைக்கலன்னா சாயங்காலமே கிளம்புன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அவரு பைய கட்டிட்டாருக்கா."

குமுதவல்லி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "வண்டிய எடு, சத்தியா."

வழியில் அவர் கேட்டது ஒரே கேள்வி. கூடிப் பேசி விலை ஏற்றும் வியாபாரிகளை எப்படித்தான் பிடிக்கிறார்கள்? ரோகினி விளக்கினார். அந்தக் கூட்டத்திலிருந்து முதலில் வந்து ஒப்புக்கொள்பவருக்கு முழு மன்னிப்பு. இரண்டாமவருக்குப் பாதி. அதற்குப் பிறகு வருபவருக்கு ஒன்றும் கிடையாது. அதனால் பயந்தவர்கள் முந்திக்கொண்டு ஓடிவருவார்கள். நடுவர்களில் மூத்தவரான பேராசிரியர் தர்மராஜ் இந்த ஏற்பாட்டைப் பற்றியே தடிமனாக ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

"நல்லா இருக்கே" என்றார் குமுதவல்லி.

பங்களாவில் நேற்றிரவு தங்கியவர்கள் ஐந்தே பேர்தான்: ரோகினி, முனியாண்டி, நடுவர்களான தர்மராஜ், திலகா, சித்திக். மாநாட்டுக்கு வந்தவர்கள் இப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அலமாரியின் பூட்டு உடையவில்லை. உள்ளே அச்சுமுறுக்கு டின் ஒன்று மட்டும் இருந்தது. குமுதவல்லி அதைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். காலி.

"சாவிய எங்க வைப்பீங்க?" என்று முனியாண்டியிடம் கேட்டார்.

"அடுப்படி கதவுப் பின்னால ஆணில மாட்டிருவேன்மா. எல்லாருக்கும் தெரியும். மேனேஜர்கிட்ட சொன்னேன், காதுல வாங்கல."

"நேத்து ராத்திரி டின்னுல முறுக்கு இருந்துச்சா?"

"நிறைய இருந்துச்சே!" என்று பதறினார் முனியாண்டி. இரண்டாவது திருட்டும் தன் தலையில் விழப்போகிறது என்று பயந்துவிட்டார், பாவம்.

அடுத்து நடுவர்களின் குறிப்புகளைக் கேட்டு வாங்கினார் குமுதவல்லி. நான்காம் கட்டுரையைச் சத்தியசீலன் உரக்கப் படித்தார். எட்டுக் கோழிக் கடைக்காரர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் எல்லாரும் ஒரே நாளில் எப்படி விலையேற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தது. திலகாவும் சித்திக்கும் ஆளுக்குப் பத்து வரி பாராட்டியிருந்தார்கள். தர்மராஜ் மட்டும் மூன்று பக்கத்துக்குத் திட்டித் தீர்த்திருந்தார். "நடை தள்ளாடுகிறது. முடிவுரை சோம்பேறித்தனமானது. பன்னிரண்டு கடைகளில் கேட்டுவிட்டு எட்டை மட்டும் காட்டுவது என்ன ஆராய்ச்சி?" இப்படியே போயிற்று.

"இவரு அந்தக் கட்டுரைய வெறுக்கிறாருக்கா! அது ஜெயிக்கக்கூடாதுன்னு உறைய எடுத்துட்டாரு!" என்று துள்ளினார் சத்தியசீலன்.

"பாதி சரி" என்றார் குமுதவல்லி.

பதினோரு மணிக்கு மூன்று நடுவர்களையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கல. எஸ்டேட்டுல பால் ஸ்டோர்ல வேலை பாத்தவ. ரப்பர் பால்ல யாரு தண்ணி கலந்தாங்கன்னு பாக்குறதுதான் என் வேலை. ஆனா உங்க சட்டத்துல ஒரு நல்ல வழி இருக்காமே, அதையே இங்கயும் வச்சிக்குவோம். அந்த அலமாரிய யாரு தொறந்தாங்களோ, முதல்ல ஒத்துக்கிறவங்களுக்கு முழு மன்னிப்பு. ரெண்டாவது ஆளுக்குப் பாதி. மூணாவது ஆளுக்கு ஒண்ணுமில்ல."

அவர் வாயை மூடுவதற்குள் இரண்டு நாற்காலிகள் பின்னால் சாய்ந்து விழுந்தன.

"நான்தான் முதல்!" என்று சித்திக் கத்தினார். "அதெப்படி, நான் முன்னாலயே கையத் தூக்கிட்டேன் லா!" என்று திலகா கத்தினார். அரை விநாடியில் சித்திக் முந்திவிட்டதாகச் சத்தியசீலன் தீர்ப்புச் சொன்னார்.

"காலைல அஞ்சரைக்கு அலமாரிய தொறந்தேன், முறுக்குக்காக" என்றார் சித்திக். "உறை டின்னு மேல இருந்துச்சு. ஓரமா நகத்தி வச்சேன். வாப்பா மேல சத்தியமா எடுக்கல."

"நான் அதைப் பாத்துட்டேன்" என்றார் திலகா, தலையைக் குனிந்துகொண்டு. "வெளிய சொல்லாம இருக்கப் பாதி முறுக்கு குடுத்தாரு. ஆறரைக்கு மிச்சத்தையும் எடுக்கலாம்னு நான் மறுபடியும் போனேன். அப்பவே உறை இல்ல. சொன்னா முறுக்கு விஷயம் வெளிய வந்துரும்னு பேசாம இருந்துட்டேன்."

ரோகினி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கூடிப் பேசிப் பங்கு பிரிப்பதை எதிர்த்து இந்த இருவரும் எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறார்கள்!

தர்மராஜ் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். குமுதவல்லி அவர் பக்கம் திரும்பினார்.

"அஞ்சரைக்கு இருந்த உறை ஆறரைக்கு இல்ல. சின்னத் தப்பு செஞ்ச ரெண்டு பேரு ஓடி வந்துட்டாங்க. இந்த வழியப் பத்தி நூலே எழுதின நீங்க வரல சார். மன்னிப்பு கிடைக்கும்னு தெரிஞ்சும் ஒருத்தர் வரலன்னா, அவரு பயப்படுறது தண்டனைக்கு இல்ல. வேற எதுக்கோ."

"என்ன உளறல் இது? எனக்கு அந்தக் கட்டுரையே பிடிக்காது."

"எட்டுக் கடைன்னுதான் கட்டுரைல இருக்கு. பன்னெண்டு கடைல கேட்டாங்கன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

குமுதவல்லி அவருடைய மூன்று பக்கக் குறிப்பை மேசையில் விரித்து வைத்தார்.

"கேட்டவருக்குத்தான தெரியும்" என்றார் குமுதவல்லி மெதுவாக. "நாலாம் நம்பர் உங்களோடது. நடுவர் போட்டில கலந்துக்கக் கூடாது. அதனால உங்க கட்டுரைய நீங்களே தோற்கடிக்கப் பாத்தீங்க, முடியல. மத்த ரெண்டு பேரும் ஜெயிக்க வச்சிட்டாங்க. உறையப் பிரிச்சா உங்க பேரு வெளிய வந்துரும்னு எடுத்துட்டீங்க."

தர்மராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "ஜனவரில அனுப்பினேன். மார்ச்சுல ஒரு நடுவருக்கு உடம்பு சரியில்லன்னு என்னைக் கூப்பிட்டாங்க. அம்பத்தெட்டு வயசுல சின்னப் பசங்களோட போட்டி போட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சமையக்காரருக்கு வேலை போகும்னு நினைக்கவே இல்ல. போகுதுன்னு தெரிஞ்ச பிறகும் வாயத் தொறக்கல. அதுதான் கேவலம்."

"உறைய எரிச்சுட்டீங்களா?" என்று சத்தியசீலன் பதறினார்.

"மாட்டாரு" என்றார் குமுதவல்லி. "அவரு ஜெயிச்சாருன்னு சொல்ற ஒரே தாளு அதுதான். கிழிக்க மனசு வராது. சட்டைக்குள்ள பாரு, கொஞ்சம் விறைப்பா நிக்குது."

தர்மராஜ் சட்டைக்குள் கைவிட்டு உறையை எடுத்து மேசையில் வைத்தார். முத்திரை உடையவில்லை. மேனேஜரிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார், சொல்லவும் செய்தார். பரிசு இரண்டாம் இடத்திலிருந்த ஏழாம் எண்ணுக்குப் போயிற்று.

முனியாண்டி அடுப்படியில் பையைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது தர்மராஜ் வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். முனியாண்டி எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"அப்ப முதல்ல வந்தது உங்க கட்டுரைதானா சார்?"

"ஆமா. ஆனா தள்ளிட்டாங்க."

"தள்ளினா என்ன லா சார்? யாரு எழுதினதுன்னே தெரியாம நல்லாருக்குன்னு சொல்லிருக்காங்கல்ல?" முனியாண்டி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். "வாழ்த்துகள் சார்."

அன்று அவரை வாழ்த்தியவர் அந்த ஒருவர்தான். தர்மராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அடுப்பில் சோறு பொங்கி வழியும்வரை அழுதார்.