சேர்மன் பெயரின் தடிமன்

கீழப்பாறைப் பேருந்து நிலையத்தில் அந்த வாரம் மிகவும் பருத்திருந்த சொல் 'கழிப்பறை'. கோட்டின் தடிமன் இருபத்திரண்டு மில்லிமீட்டர். அதற்குப் பக்கத்துப் பலகையில், 'நகரின் விடிவெள்ளி, நிலையம் கண்ட நாயகர்' என்ற பட்டங்களுக்குக் கீழே, 'மணவாளன்' கொசுக்கால் போல இளைத்துக் கிடந்தது.

ஊர்ப் பலகைகள் எல்லாம் பார்வையுண்ணி எழுத்துக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. பலகைக்குள் மிதக்கும் மைத்துகள்கள், மனிதர்களின் கண் எந்தச் சொல்லில் நிற்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பாரில்லாத சொல் மெலியும். மக்களுக்கு எது தேவை என்று வீடுவீடாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை. எழுத்தின் தடிமனை அளந்தால் போதும். அளப்பது இசக்கியம்மாளின் வேலை. நகராட்சியில் எழுத்துப் பராமரிப்பாளர். ஒப்பந்தம் மாதக் கடைசி வரைதான்.

"ஏம்மா இசக்கி," என்றார் சேர்மன் மணவாளன். "வெள்ளிக்கிழம மாநில அளவைக் குழு வருது. தடிச்ச பேருக்கு விருதாம். கக்கூஸ் என்னைய விடத் தடிச்சிருந்தா, ஒன் ஒப்பந்தத்த நான் எப்படிப் புதுப்பிக்க?"

மறுநாளே உத்தரவு வந்தது. ஊழியர்கள் முறைவைத்து, தினம் அரைமணி நேரம் சேர்மன் பெயரைப் பார்க்க வேண்டும். நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டே பார்த்தார்கள். குழாய்ப் பிரிவு வேலம்மாள் பார்த்தபடியே பூத் தொடுத்தாள். யாருக்கும் மனக்குறை இல்லை. சர்வீசில் இவ்வளவு சுகமான வேலை கிடைத்ததில்லை.

புதன்கிழமை பெயர் லட்சணமாக இருந்தது. 'ண'வின் மூன்று சுழிக்குள்ளும் வெளிச்சம் நின்றது. 'வா'வின் கால் ஒட்டாமல் நிமிர்ந்திருந்தது. 'ன்' மேல் புள்ளி, பொட்டு வைத்தது போல. இசக்கியம்மாள் அளவுகோலை மறந்து கொஞ்ச நேரம் ரசித்தாள்.

"ஐயா, இதோட நிப்பாட்டிருவோம். சுழிக்கு உள்ள காலியிடம் இருந்தாத்தான் அது எழுத்து. அது அடைஞ்சா வாசிக்க முடியாது."

"கக்கூஸ் எம்புட்டு?"

"இருவத்திரண்டு."

"நான்?"

"பதினொண்ணு."

"பெறவு என்ன பேச்சு? எதையும் காலியா விட்டு வைக்கப்படாதும்மா. சேர்மன் நாற்காலிய விடாம உக்காந்திருக்கவன் நான் சொல்லுதேன்."

வியாழக்கிழமை சுழிகள் மூடின. வெள்ளி காலையில் கால் உடம்போடு ஒட்டி, புள்ளி தலைக்குள் இறங்கி, பட்டங்களையும் விழுங்கி, பலகை முழுக்க ஒரே கருப்பு. பஸ் இறங்கியவர்கள் எல்லாம், "என்னதுவே இது?" என்று நின்று பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அது கொழுத்தது. குழுவின் தடிமமானி நாற்பது காட்டியது. மாநிலத்தில் முதலிடம். அந்தக் கருவிக்கு அளக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.

விருதுப் பத்திரத்தில் பெயரைப் பலகையிலிருந்தே நகலெடுத்து அச்சிட்டிருந்தார்கள்.

"இதுல எம்பேரு எங்க இசக்கி?"

"கருப்பாக் கட்டம் இருக்குல்லா, அதான்யா. மூணு சுழியும் உள்ளதான் கெடக்கு."

சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். "கம்பீரமாத்தான் இருக்கு," என்று சொல்லி அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாத அளவையில் 'கழிப்பறை' நான்கு மில்லிமீட்டருக்கு இளைத்திருந்தது. சேர்மனே நேரில் வந்து பார்த்துப் பூரித்தார்.

"பாத்தியா? இப்பல்லாம் சனம் என் பலகையத்தான் பாக்கு. கக்கூஸ் தோத்துப்போச்சு."

இசக்கியம்மாள் ஏட்டில் 'நான்கு' என்று குறித்துக்கொண்டாள். தென்காசி பஸ்ஸிலிருந்து குதித்த ஒருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைக்காரரிடம் அவசரமாக எதையோ கேட்டார். கடலைக்காரர் தலை நிமிராமல் கையை நீட்டினார்.

"அந்தா, கருப்பாத் தெரியுதுல்லா. அங்கதான்."

அவர் ஓட்டமாக ஓடி வந்தார். தன்னைப் பார்க்க இத்தனை ஆவலா என்று மணவாளன் கைகூப்பி நின்றார்.